இரண்டாவது இசைத்தொகுப்பு வெளியிட இருப்பவர்களுக்கு இலங்கை மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தேயிலைத் தோட்டத்துக் கதையைப் படமாக்கிய தயாரிப்பாளர், இசையமைப்பாளர், இசை வெளியீட்டு நிறுவனத்தார் அவர்களுக்கு,

வணக்கம்.

படம் நன்றாக ஓடிவிட்டது. பாட்டுகள் ஹட்டன் பஸ்ஸிலும் கேட்கின்றன, பதுளை ஓட்டோவிலும் கேட்கின்றன. அந்தச் சூடு ஆறுவதற்குள் இரண்டாவது இசைத்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றும், முதல் தொகுப்பில் இல்லாத பின்னணி இசையோடு தோட்டத்துத் தப்பும் (பறை) கூத்தும் ஒப்பாரியும் அதில் சேரும் என்றும் அறிந்தோம். சந்தோஷம். தப்படிக்கிறவர்களும் கூத்து வாத்தியார்மாரும் ஒலிப்பதிவு செய்கிறவர்களும் கூடிப் பேசி இந்த மடலை எழுதுகிறோம். பாராட்டு எழுத வேறு பேர் இருக்கிறார்கள். நாங்கள் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

இரண்டாம் தொகுப்பு என்றாலே பலருக்கும் அது அடிச்சட்டியைச் சுரண்டுகிற வேலைதான். அப்படித்தான் ஆகவேண்டும் என்றில்லை. 'டைட்டானிக்' படத்தின் முதல் தொகுப்பு 1997 நவம்பரில் வந்தது. கப்பலின் அடித்தட்டில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் ஆடிக் கொண்டாடும் காட்சியின் ஐரிஷ் இசை அதில் இல்லை. 1998 ஓகஸ்டில் வந்த இரண்டாவது தொகுப்பில்தான் அது ஏறியது. வாசித்த கெய்லிக் ஸ்டோர்ம் குழுவின் பெயரும் கூடவே ஏறியது. அதே இரண்டாம் தொகுப்பில், புகழ்பெற்ற பாட்டின் மேல் பட வசனங்களைத் தூவிய ஒரு வடிவமும் இருக்கிறது. அடித்தட்டு இசையை ஏற்றிய காரியத்தைப் பின்பற்றுங்கள். வசனம் தூவிய காரியத்தை அவர்களோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் படத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) அழைக்கும் தப்பு இருக்கிறது, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து இரவு இருக்கிறது, சாவு வீட்டு ஒப்பாரியும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) தாலாட்டும் இருக்கின்றன. முதலில், அவற்றை எந்தக் கோப்பிலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பார்ப்போம்.

படத்தின் இறுதிக் கலவையிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள். அதில் மழையும் செருப்புச் சத்தமும் வசனமும் கலந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியும். 'இசை மட்டும்' என்று தனியாக வைத்திருக்கும் ஸ்டெம் கோப்பிலும் ஒரு கண்ணி உண்டு. வசனம் வரும் இடங்களில் இசையை 6, 8 டெசிபெல் இறக்கியிருப்பார்கள். அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே பதிந்திருக்கும். தொகுப்பில் கேட்கும்போது யாரும் பேசாத இடத்தில் தப்பு திடீரென்று பம்மும், பிறகு காரணமில்லாமல் எழும். கலவைக்குப் போவதற்கு முன் இசையமைப்பாளரின் கூடத்தில் இருந்த மூல அமர்வுக் கோப்புகளைத்தான் தேடி எடுக்க வேண்டும்.

வேகத்தையும் பாருங்கள். திரையரங்குப் படம் நொடிக்கு 24 சட்டகம். தொலைக்காட்சிக்குக் கொடுத்த பிரதி 25 சட்டகமாக மாற்றப்பட்டிருந்தால் எல்லாம் ஏறத்தாழ 4 வீதம் வேகமாக ஓடும், சுருதி முக்கால் அரைச்சுரத்துக்குக் கிட்ட ஏறிவிடும். வயலினில் இது சாதாரணக் காதுக்குத் தப்பிப் போகலாம். தப்பில் தப்பாது. நன்றாகக் காய்ச்சிய தோலின் கணீர் ஓசை தகரத்தைத் தட்டியதுபோல ஆகிவிடும். கோப்பு கைக்கு வந்ததும் திரையரங்குப் பிரதியோடு நீளத்தை ஒப்பிடுங்கள். 5 நிமிடத் துண்டில் 12 வினாடி குறைந்தால் கோளாறு இதுதான்.

மூலக் கோப்பு கிடைத்தாலும், தப்பையும் கூத்தையும் மறுபடி பதிவு செய்யுங்கள் என்பதே எங்கள் யோசனை. படத்துக்காகப் பதிந்தது காட்சியின் நீளத்துக்கு நறுக்கியது. ஒரு அடி தொடங்கி, சூடேறி, உச்சிக்குப் போய், இறங்கி நிற்பதற்கு 6 முதல் 10 நிமிடம் வேண்டும். காட்சிக்கு வேண்டியிருந்தது 40 வினாடி. அந்த 40 வினாடியைச் சுழற்றிச் சுழற்றி ஒட்டி 4 நிமிடமாக்கினால் காதுள்ளவர்கள் மூன்றாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சென்னையில் வாங்கிய ஒலித்துணுக்குப் பெட்டியில் 'பறை' என்ற பொத்தானை அழுத்தியும் வேலையை முடிக்கலாம். அந்தப் பெட்டிக்கு எந்த அடி எதற்கு என்று தெரியாது. இங்கே பெரட்டுத் தப்பு வேறு, சாமித் தப்பு வேறு, சாவுத் தப்பு வேறு. மேல் மலையில் அடிப்பதைக் கீழ் லயத்தில் கேட்டே என்ன விஷயம் என்று தெரிந்துகொள்கிற சனம் இது. சாவடியை எடுத்துக் கல்யாணக் காட்சியின் கீழே வைத்துவிட்டு, 'கொண்டாட்டம்' என்று தலைப்பும் போட்டால், நுவரெலியா முதல் பண்டாரவளை வரை சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் கோபப்படுவார்கள்.

பதிவுக்கு எப்போது வருவது? மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் பேச்சே கேட்காது, அப்புறம் எங்கே தாலாட்டுப் பதிவது? இந்தப் பக்கத்துக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் வசதி. பதுளை, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று ஊவாப் பக்கம் இது தலைகீழ். அங்கே டிசெம்பர், ஜனவரியில் வடகீழ் மழை. ஜூலை, ஓகஸ்டில் வறட்சி. ஆனால் அந்த மாதங்களில் ஊவாவில் காற்று பலமாக வீசும். மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் வெளியே வைக்காதீர்கள்.

தேயிலை ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) கிட்ட இடம் பார்க்காதீர்கள். பகலில் இயந்திரம் ஓடும், இரவில் அமைதி என்று நினைப்பார்கள். கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவிரவாக ஓடும். அந்த முழக்கமும் 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சலும் தப்பின் அடிநாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. ரயில் பாதை பக்கத்தில் இருந்தால் நேர அட்டவணையைக் கையில் வைத்திருங்கள். அட்டவணையை ரயில் பின்பற்றுமா என்பது வேறு விஷயம்.

இனித் தப்புக்கு வருவோம். மூன்று மரத்துண்டுகளைப் பூட்டிய வளையம், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல், இடது கையில் மெல்லிய நீண்ட குச்சி, வலது கையில் தடித்த கட்டைக் குச்சி. தோல் ஈரத்தைக் குடிக்கும். மலை நாட்டில் பனிமூட்டம் இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் தளர்ந்து ஓசை அமுங்கிவிடும். அதனால்தான் வைக்கோலையோ காய்ந்த சருகையோ எரித்துக் காய்ச்சுகிறார்கள். நெருப்புக்கு ஒன்றரை அடி தள்ளி, சுற்றிக்கொண்டே காட்ட வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் விறைத்து விளிம்புப் பசை விடும். அவசரத்தில் இன்னும் கிட்டே கொண்டுபோனால் தோல் கிழியும், அன்றைய பதிவும் அதோடு முடியும்.

ஒலிப்பதிவாளருக்கு இதில் இருக்கும் சிக்கல் பெரியது. முதல் எடுப்பும் மூன்றாவது எடுப்பும் ஒரே சுருதியில் இருக்காது. முதல் எடுப்பின் முன்பாதியையும் மூன்றாவதன் பின்பாதியையும் ஒட்டினால் நடுவில் தப்பு மாறியது போலக் கேட்கும். ஆளுக்கு இரண்டு தப்பு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கையில், ஒன்று காயட்டும். ஒவ்வொரு எடுப்பின் தலையிலும் ஒவ்வொருவரும் தனியாக நான்கு அடி அடிக்கட்டும். காய்ச்சி எத்தனை நிமிடம் ஆனது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். எது எதோடு ஒட்டும் என்று பிறகு அந்த நான்கு அடியே சொல்லும். நெருப்பு 20 மீற்றர் தள்ளி, காற்று வீசிப் போகும் பக்கம் இருக்கட்டும். சருகு வெடிக்கும் சத்தம் படத்துக்கு அழகு, தொகுப்புக்குத் தொல்லை. பிளாஸ்டிக் தாள் போட்ட தப்பு பனியில் தளராது என்பது உண்மைதான். அதன் ஓசையில் சதை இல்லை. ஒத்திகைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், பதிவுக்கு வேண்டாம்.

மைக்கை ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர் தள்ளி, தோலுக்கு நேராக வைக்காமல் சாய்வாக வையுங்கள். நேரே வைத்தால் மெல்லிய குச்சியின் சுளீர் மட்டும் வந்து மற்றதை மூடிவிடும். அடித்தொனி தோலின் பின்புறம், வாசிப்பவரின் உடம்புப் பக்கம் திரளும். முன்னால் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக வைத்தால் இரண்டும் கிடைக்கும். முழுக் குழுவையும் பிடிக்க 6, 7 மீற்றரில் இன்னொரு சோடி. உச்ச அளவு -12 டெசிபெல்லைத் தாண்டாமல் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். ஓசைக்கேற்பத் தானாக ஏற்றி இறக்கும் வசதியைக் கருவியில் முதல் வேலையாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சில்வண்டுச் சத்தம் அலையாக எழும். 32 பிட் ஃபுளோட் கருவி இருக்கிறதே என்று துணிய வேண்டாம். கருவி தாங்கினாலும் மைக் தாங்காத இடத்தில் ஓசை உடையும், அது திரும்பி வராது.

குளிரான வெளியிலிருந்து அடுப்பெரியும் காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) மைக்கைக் கொண்டுபோனால் அதன்மேல் நீர் பூக்கும், கண்டென்சர் மைக் படபடவென்று பொரியத் தொடங்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே கொண்டுபோனதும் அரை மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டுத் திறங்கள்.

வாசிப்பவர்களை மூன்று மீற்றர் ஆரத்தில் அரைவட்டமாக நிறுத்துங்கள். படப்பிடிப்பில் ஊர்வலமாக நீட்டி நிறுத்தியது கண்ணுக்கு நன்றாக இருந்தது. தலைமைத் தப்புக்கும் கடைசி உறுமிக்கும் 10 மீற்றர் இடைவெளி என்றால் ஓசை போய்ச்சேர 30 மில்லி வினாடி பிடிக்கும், அடிகள் ஒன்றாக விழாது. காதில் கிளிக் சத்தம் போட்டுத் தாளத்தைக் கட்டவும் வேண்டாம். கூத்தில் வேகம் ஏறுவது பிழையல்ல. ரதி புலம்பும் இடத்தில் இழைந்து, தகனத்துக்கு நெருங்க நெருங்க அது ஏறத்தான் செய்யும். கணினியில் கோட்டுக்குக் கோடு இழுத்துச் சரிசெய்தால் கூத்து போய் உடற்பயிற்சி மிஞ்சும்.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் இங்கே பெரிய கூத்துகள். படத்தில் இருப்பது காமன் கூத்து மட்டும், அதனால் தொகுப்பிலும் அதையே முழுதாக எடுங்கள், மற்றதைத் துணுக்காக ஒட்டவேண்டாம். மாசி அமாவாசை கழிந்து காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் நடக்கும். அந்த இரவில் போய்ப் பதிந்தால் உயிர் இருக்கும், ஆனால் ஒலிபெருக்கியும் பட்டாசும் சேர்ந்து வரும். நாங்கள் பரிந்துரைப்பது இரண்டும்: கூட்டத்தின் ஆரவாரத்தை அந்த இரவில் பதியுங்கள், பாட்டையும் தப்பையும் அடுத்த ஞாயிறு பகலில் அதே களத்தில் மறுபடி பதியுங்கள்.

ஒப்பாரிக்கு வேறு நடைமுறை. எந்தச் சாவு வீட்டுக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சாவு இல்லாத வீட்டுக்குள்ளும் அதைப் பாடச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு ஆகாது என்று பெண்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் குரலில் தெரியும். லயத்தை விட்டுத் தள்ளி, மரத்தடியிலோ வெறுமையான மண்டபத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். சுருதிப் பெட்டியைக் காதில் மாட்டவேண்டாம். அந்த அம்மா எடுத்த சுருதியில் தொடங்கட்டும், பிறகு நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். சுருதியைத் திருத்தும் ஓட்டோடியூனைத் தொடவே வேண்டாம். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் குரல் வழுக்கி இறங்கும் அந்த இழுப்புத்தான் ஒப்பாரி, மென்பொருளுக்கு அது பிழையாகத் தெரியும். தாலாட்டை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பதியலாம். குறுகிய சுவரும் தகரமும் தரும் சின்ன எதிரொலி எந்தக் கருவியிலும் கிடைக்காது.

ஒன்று சொல்லவேண்டும். மலையகம் என்றால் அழுகை என்று ஒரு வழக்கம் உருவாகிவிட்டது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகச் சேர்த்த பாட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கங்காணியைக் கிண்டலடிக்கிற பாட்டும் மாமன் மகனைச் சீண்டுகிற பாட்டும் எவ்வளவு என்று. ஒப்பாரி ஒன்று வைத்தால் கும்மி இரண்டு வையுங்கள்.

தொகுப்பின் நீளத்துக்கு 50 நிமிடம் போதும். இறுவட்டில் 80 நிமிடம் கொள்ளும் என்பதற்காக நிரப்பவேண்டாம். பின்னணி இசைத் துணுக்குகளை 40 தனித்தனித் தடமாகப் போடுவது இப்போது வழக்கம். ஸ்பொட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு கேட்பு. 2024 முதல் ஆண்டுக்கு 1000 கேட்பை எட்டாத தடத்துக்குப் பணமும் இல்லை. துணுக்குகளைக் கோத்து 4, 5 நிமிடத் தொடர்களாக்குங்கள். ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி. படத்தில் வந்த குறுவடிவத்தின் எண்ணை நீள வடிவத்துக்குப் போட்டால் கணக்கு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று விழுந்துவிடும்.

முடிவு உரப்பு -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அளவில், உச்சம் -1 டெசிபெல்லில் நிற்கட்டும். அதற்கு மேல் நசுக்கினாலும் தளங்கள் தாமே இறக்கிவிடும், நசுங்கிய தப்பு நசுங்கியபடியே இருக்கும். பெரிய ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு ஒப்புதல் கொடுக்காதீர்கள். இங்கே கேட்பது போனிலும் புளூடூத் பெட்டியிலும் பஸ்ஸில் பென் ட்ரைவிலும். போனின் சின்ன ஸ்பீக்கரில் தப்பின் அடித்தொனி வராது, குச்சிச் சத்தம் மட்டும் கத்தும். 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் கொஞ்சம் தாங்கல் கொடுத்தால் இரண்டு இடத்திலும் நிற்கும்.

கடைசியாகப் பெயரும் பணமும். மடலில் கடைசியாக வருகிறது, ஒப்பந்தத்தில் முதலில் வரவேண்டும்.

'நாட்டார் தாள வாத்தியம்', 'மரபுப் பாடல்' என்று போட்டு முடித்துவிடாதீர்கள். தடத்துக்குத் தடம் யார் தப்பு, யார் உறுமி, யார் பாடியது என்று தரவிலும் அட்டையிலும் வரவேண்டும். எழுத்துக்கூட்டலை அவரவரிடமே கேளுங்கள். தோட்டத்தின் பெயரும் அப்படித்தான். பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், சனத்தின் வாயில் தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும். இரண்டையும் போடுங்கள், எந்த டிவிஷன் என்பதையும் சேருங்கள். இது வெறும் உபசாரம் அல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளை, வணிக நோக்கிலும் மரபான சூழலுக்கு வெளியிலும் பயன்படுத்துவதிலிருந்து பாதுகாக்கிறது. நிகழ்த்துகிறவர்களின் உரிமையையும் தனியாக அங்கீகரிக்கிறது. இந்தியாவில் பதிவு செய்தாலும் கவனிக்க ஒன்று உண்டு. அங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியை உறுதிப்படுத்தியது. தோட்டத்துத் தாலாட்டை இசையமைப்பாளர் பெயரில் பதிந்தால் அந்த ராயல்டி போகும் இடம் எது என்று நீங்களே பாருங்கள். இசையமைப்பாளரை 'ஒழுங்கமைப்பு' என்ற இடத்தில் போடுங்கள், அது அவருக்குக் குறைவல்ல.

யூடியூப் விஷயம் இதைவிட உடனடியானது. மரபுப் பாட்டுகளை அதன் உள்ளடக்க அடையாள முறையில் (Content ID) தனியுரிமையாக ஏற்றிவிட்டால், அடுத்த மாசியில் தோட்டத்துப் பையன்கள் தங்கள் சொந்தக் கூத்தைப் போட்டதும் அதன் வருமானத்துக்கு உங்கள் நிறுவனம் உரிமை கோரும், அல்லது காணொளி முடங்கும். தனியுரிமை இல்லாத எதையும் அந்த முறையில் ஏற்றக்கூடாது என்பது யூடியூப்பின் விதியே. அந்தத் தடங்களை மட்டும் விலக்கிவிடும்படி விநியோகிக்கிறவருக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

வாசிக்க வருகிறவர் வேலைநாளில் வந்தால் அன்று அவருக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்கூலி பதிவாகாது. அந்த நாட்கூலி தனி, வாசிப்புக்கான பணம் தனி. சாப்பாடும் வானும் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கிற பழக்கம் வேண்டாம், போத்தல் கொடுத்து முடிக்கிற பழக்கம் அறவே வேண்டாம். பணத்தை ஒரு தலைவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கிலும் போடுங்கள். மரபுப் பாட்டுத் தடங்களின் நிகர வருமானத்தில் 30 வீதம் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் என்பது எங்கள் கோரிக்கை. ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும், கையொப்பத்துக்கு ஒரு வாரம் முன்பே பிரதி கைக்கு வரட்டும்.

வரும் மாசிக்கே வருவதானால் மார்கழிக்குள் சொல்லியனுப்புங்கள். தோல் வாங்கி, ஊறவைத்து, மயிர் சுரண்டி, இழுத்து ஒட்டி, வெயில் அடித்தால் இரண்டு மூன்று நாளில் காயும். பனி நாளில் அதுவே ஒரு வாரம் இழுக்கும். ஆளுக்கு இரண்டு தப்பு என்றால் அதற்கேற்ற நாளும் வேண்டும்.

இப்படிக்கு,
தப்பிசை, கூத்துக் கலைஞர்களும் ஒலிப்பதிவாளர்களும்
ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை